செத்தவீட்டுக்கு எந்த இசை?

சென்ற ஆண்டு ஒருநாள் விடியற்காலையில் எமது மாணவனொருவன் எம் வீட்டுப் படலையில் வந்து நின்றான். முதல்நாள் இரவு அவனுடைய பாட்டனார் காலமாகியிருந்தார். இழவு சொல்ல வந்தான் என்றே நினைத்தோம். செய்தியைச் சொன்ன பின்னரும் அவன் போகாது நின்றான். "சேர், அப்புவை எடுக்கிறதுக்கு முன்னம் நான் கிற்றாரிலை ஒரு பாட்டு வாசிக்கப்போறன். எந்தப் பாட்டு வாசிச்சால் சரியாயிருக்கும்?" என்று கேட்டான்.

வீட்டிலே இதுபற்றி ஏற்கெனவே வழக்கு நடந்திருந்தது. "செத்தவீட்டிலை பைலாவோ?" என்று தாய்மாமன் சினந்திருக்கிறார். உறவினருள் மூத்தவரொருவர், அயலூரிலிருந்து பறைமேளம் பிடித்து மரியாதையாக அனுப்பவேண்டும் என்றிருக்கிறார். தகப்பனாரோ பறை என்ற சொல்லையே எடுக்கவேண்டாம் என்று தடுத்திருக்கிறார். அதற்குக் காரணம் இருந்தது. இறந்த முதியவர் தம் இளமையிலே பறையடித்தவர். 1960களின் பிற்பகுதியில், சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டம் யாழ்ப்பாணக் குடாநாட்டை உலுப்பிய நாட்களில், இனி எவருடைய செத்தவீட்டுக்கும் அடிப்பதில்லையென்று பறையை இறக்கி வைத்தவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சொல்லைக் காத்தவர். ஊராரின் இறப்புக்கெல்லாம் முழக்கியவரின் இறப்புக்கு எதை முழக்குவது? பேரன் கேட்ட வினாவின் உட்பொருள் இதுவே.

அன்று நாம் அவனுக்குச் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் நூல்களைப் புரட்டியும் முதியோரைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு தொகுத்துரைக்க முயல்கின்றோம். ஒரு வீட்டின் வழக்காகத் தோன்றும் இது, எமது சமுதாயத்தின் நெடிய வரலாற்றோடு பிணைந்தது என்பது அவ்வாறு தேடியபோதுதான் எமக்குத் தெளிவாயிற்று.

இது மங்கல இசை, இது அமங்கல இசை என்று நாம் இன்று கைக்கொள்ளும் பாகுபாடு ஆதிதொட்டு மாறாது வந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். பண்டைத் தமிழிலக்கியம் காட்டும் நிலை அவ்வளவு எளிதானதன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தெண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிற்கால இலக்கணிகள் விரித்துரைத்தனர். இப்பெயர்களை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஏறு தழுவும்போதும் நெல்லரியும்போதும் மீன்பிடிக்கும்போதும் முழங்கியது பறை. உழைப்போடும் களிப்போடும் கூடி ஒலித்த கருவி அது. 'பறை' என்பதற்குச் 'சொல்' என்ற பொருளும் உண்டு. செய்தியைச் சொல்லும் கருவி என்ற கருத்து அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

இறப்புக்கும் பறை முழங்கிற்று. புறநானூற்றின் 194ஆம் பாட்டிலே பக்குடுக்கை நன்கணியார், ஒரு மனையில் சாவுக்குரிய நெய்தற்பறையும் மற்றொரு மனையில் மணத்துக்குரிய முழவும் ஒரே வேளையில் ஒலிக்கக் கேட்டு, உலகின் இன்னாமையை எண்ணி வருந்துகிறார். இரு வீட்டிலும் தோற்கருவியே ஒலிக்கிறது. வேறுபடுவது நிகழ்ச்சியும் முழக்கும் மட்டுமே. மாங்குடிகிழார் பாடிய 335ஆம் பாட்டோ துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடியில்லை என்று அடித்துரைக்கிறது. ஆயினும், சங்ககாலம் ஏற்றத்தாழ்வற்ற பொற்காலம் என்று நாம் மயங்குதல் கூடாது. 287ஆம் பாட்டிலே துடி கொட்டுவோனும் கோல்கொண்டு முழக்குவோனும் புலையன், இழிசினன் என்னும் சொற்களால் விளிக்கப்படுகின்றனர். பிற்காலத்து இழிவின் வித்து அங்கேயே கிடக்கிறது. வித்து மரமானதற்குரிய மண்ணும் நீரும் பின்னர் வந்தவை.

நரம்புக் கருவியும் அன்று சாவுக்கு அயலானதாக இருக்கவில்லை. அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டைக் காண்க. போரிற் புண்பட்டு வீரனொருவன் கிடக்கிறான். மனையிலே இரவந்தழையும் வேப்பந்தழையும் செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை காட்டி அவனைக் காக்க முனைகின்றனர் மகளிர். வடமோதங்கிழாரின் 260ஆம் பாட்டில், பாணனொருவன் எவ்வளவு முயன்று மீட்டினும் அவனுடைய யாழ் நரம்பு விளரிப்பண்ணாகவே திரிந்தொலிக்கிறது. விளரி இரங்கற்குரிய பண். அவன் நாடிவந்த தலைவன் நிரைமீட்கும் போரில் மாண்டு நடுகல்லாகிவிட்டான் என்ற செய்தி அவனுக்குப் பின்னரே தெரியவருகிறது. சாவை மனிதர் வாய் சொல்லுமுன் யாழ் சொல்லிவிட்டது. நெய்தல் நிலத்துக்குரிய யாழுக்கு விளரியாழ் என்றே இலக்கணிகள் பெயரிட்டனர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி.

வழக்கொழிந்த அவ்யாழை நூல்வழி மீட்டெடுக்கத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் எமது காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள். அவருடைய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அடிகளும் மறைந்தார். நரம்பிசை செத்தவீட்டுக்கு ஆகாது என்று இன்று சொல்வோர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தம் முன்னோரின் வழக்கத்தை அறியாது சொல்கின்றனர் எனலாம்.

இனி, எல்லா நிலத்துக்கும் எல்லா நிகழ்ச்சிக்கும் பொதுவாயிருந்த பறை, ஒரு குலத்தின்மீது சுமத்தப்பட்ட சுமையாய் மாறியவாற்றை நோக்குவோம். இம்மாற்றத்தை இசையின் வரலாற்றில் மட்டும் தேடினால் விடை கிட்டாது. நிலவுடைமையின் வரலாற்றிலே தேடவேண்டும். பெருங்கோயில்களையும் பிரமதேயங்களையும் மையமாகக் கொண்டு வேளாண்மை விரிந்த சோழர் காலத்தில், உழைப்போர் ஊருக்குப் புறம்பான சேரிகளில் ஒதுக்கப்பட்டனர். முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றைத் தனியே குறிக்கின்றன. கோயிலுக்குள் தேவாரம் ஓதுவோரும் ஆடல்மகளிரும் நியமனம் பெற்ற காலமும் அதுவே. ஓர் இசை மதிலுக்குள்ளே தெய்வீகமாயிற்று. மற்றோர் இசை மதிலுக்கு வெளியே தீட்டாயிற்று.

யாழ்ப்பாணத்திலே இவ்வேற்பாடு குடிமை முறை என்ற வடிவில் இறுகியது. நிலமுடையோரின் வாழ்வுச் சடங்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குலத்தார் தொண்டுசெய்யக் கடமைப்பட்டிருந்தனர். செத்தவீட்டுக்கு வண்ணாரும் அம்பட்டரும் பறையடிப்போரும் வந்தேயாகவேண்டும். கூலி, அறுவடைக் காலத்து நெல்லும் அவ்வப்போது கிடைக்கும் சில்லறையும். ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையைத் தொகுத்தபோது அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலேயர் 1844இல் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தனர். ஆனால் நிலம் கைமாறவில்லை. நிலம் கைமாறாதவரையில் குடிமையும் ஒழியவில்லை.

இவ்வழக்கத்தின் கொடுமை இருபுறக் கூர்மையுடையது. ஒருபுறம், பறையடிப்போர் அழைத்தவுடன் வந்து அடிக்கவேண்டும். மறுத்தால் குடியிருக்கும் நிலத்தையும் கூலிவேலையையும் இழக்க நேரிடும். மறுபுறம், ஒடுக்கப்பட்ட பிற குலத்தார் தம் இறந்தோருக்குப் பறை முழக்குவதை மேலோர் எனப்பட்டோர் தடுத்தனர். பறைமுழக்கோடு சுடலைக்குச் செல்வது உயர்குலத்தாரின் தனிச்சிறப்பு என்பது அவர்கள் வாதம். பிரேத ஊர்வலத்தில் பறை முழங்கியதற்காக 20ஆம் நூற்றாண்டிலும் யாழ்ப்பாணத்தில் மோதல்கள் நிகழ்ந்தன. பறையடிப்பவன் இழிந்தவன், பறை முழங்கப் போகும் பிணமோ உயர்ந்தது! அதே ஒலி அடிப்பவனுக்கு இழிவையும் அடிப்பிப்பவனுக்குப் பெருமையையும் தந்ததெனின், அந்த இழிவும் பெருமையும் ஒலியில் இருந்தவையல்ல என்பது வெளிப்படை.

மட்டக்களப்பு நிலை சற்று வேறானது. அங்கே இருமுகப் பறையோடு தம்பட்டமும் குழலும் சேர்ந்த பறைமேளம் செத்தவீட்டில் மட்டுமன்றிக் கோயிற் சடங்குகளிலும் முழங்கிவந்திருக்கிறது. பறைமேளக் கூத்து என்ற தனிக் கலைவடிவமே அங்கு உண்டு. ஒரே தீவில், ஒரே மொழி பேசுவோரிடையே, ஓர் இசை ஓரிடத்தில் அமங்கலமாகவும் பிறிதோரிடத்தில் தெய்வ வழிபாட்டுக்கு உரியதாகவும் விளங்குகிறது. ஆயினும் அங்கும் பறையடித்தல் ஒரு குலத்தின் தலைவிதியாகவே கருதப்பட்டு வந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

பறைக்கு அடுத்துச் செத்தவீட்டில் ஒலித்தது பெண்களின் குரல். ஒப்பாரிக்கு இலக்கண ஆசிரியர் எவரும் விதி வகுக்கவில்லை. இறந்தவரை ஒப்புமை கூறி அழுவதால் அப்பெயர் என்பர். இசையறிவு சிறிதுமில்லாத பெண்ணும் தலையில் கைவைத்து அழத்தொடங்கும்போது, அழுகை தானே சந்தமாகிறது. இறந்தவரின் பெருமையோடு, வாழும் தன் சிறுமையையும் அவள் அங்கே பாடிவிடுகிறாள். கணவன் வீட்டுக் கொடுமை, தமையனின் பாராமுகம், பங்கு கொடாத காணி, வட்டிக் கடன் ஆகிய எல்லாம் ஒப்பாரியில் வந்து விழும். மற்ற நாளில் வாய்திறக்க இயலாதவள் அன்று ஊரைக் கூட்டி வழக்குரைக்கிறாள். எவரும் தடுக்க மாட்டார். தாலாட்டும் ஒப்பாரியும் இழுப்பிலும் சந்தத்திலும் உறவுடையவை என்பதை நாட்டார் பாடல்களை ஆராய்ந்தோர் பலர் சுட்டியுள்ளனர். இரண்டும் பெண்கள் படைத்தவை. பிறந்தவனுக்கும் இறந்தவனுக்கும் ஒரே குரலே பாடிற்று.

ஒரு பாட்டு களிப்பினின்றும் துயருக்குப் பெயர்வதும் உண்டு. அதற்கு யாழ்ப்பாணத்துச் சைவச் செத்தவீடே சிறந்த சான்று. அங்கே உரலிலே சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகிறது. அப்பாடலின் முதற்கோலம் என்ன? தில்லையிலே இறைவன் நீராடுதற்கு வேண்டிய நறுமணப் பொற்பொடியை மகளிர் கூடி இடிப்பதாக மணிவாசகர் அமைத்த பாடல் அது. முளைப்பாலிகையும் தூபமும் விளக்கும் வளையொலியும் நிறைந்த விழாக்கோலம். சாவின் நிழல்கூட அதிற் படியவில்லை. ஆனால் எமது ஊரில் அவ்வோசை காதில் விழுந்ததும் எங்கோ பிணம் கிடக்கிறது என்றே மனம் எண்ணுகிறது. விழாப்பாட்டை இழவுப்பாட்டாக்கியது வழக்கம். வழக்கத்தை ஆக்கியோர் மனிதர். மணிவாசகரின் களிப்பைச் செத்தவீட்டுக்குக் கொண்டுவர முன்னோர்க்கு உரிமை இருந்ததாயின், தன் களிப்பின் கருவியை அங்குக் கொண்டுவரப் பேரனுக்கு ஏன் உரிமையில்லை?

கிறித்தவரிடையேயும் இவ்வாறான பெயர்ச்சிகள் நிகழ்ந்தன. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் கத்தோலிக்க ஊர்களில் புலம்பலாக இசைக்கப்பட்டு வந்திருக்கிறது. கிறித்துவின் பாடுகளை எமது மக்கள் தம் ஒப்பாரியின் குரலிலேயே உள்வாங்கிக் கொண்டனர். ஆயினும் கருவிகளைப் பொறுத்தவரை அங்கும் விலக்கு இருந்தது. பத்தாம் பத்திநாதர் 1903இல் விடுத்த கட்டளை பியானோவையும் முரசு, கைத்தாளம் முதலிய ஓசைமிக்க கருவிகளையும் தேவாலயத்தினுள் விலக்கியது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், 1967இல் வந்த திருஇசை பற்றிய அறிவுரை, கருவிகளைத் தெரிகையில் அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருத்திற் கொள்ளுமாறு கூறிற்று. அதற்குப் பின்னரே கிற்றார் பல நாட்டுத் தேவாலயங்களில் இடம்பெறலாயிற்று. முன்னர் ஆகாதது அறுபது ஆண்டுகளில் ஆவதாயிற்று. 

கிற்றார்மீது எமது ஊர்ப் பெரியோர் கொண்டுள்ள ஐயமும் வரலாற்றிற் பிறந்ததே. 1505இல் போர்த்துக்கேயர் இத்தீவில் கரையிறங்கினர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்களுடைய ஆட்சி மறைந்தது. அவர்களோடு வந்த இசை மறையவில்லை. மட்டக்களப்பிலே வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் வயலினும் கிற்றாரும் கொண்டு திருமணங்களில் கஃபிரிஞ்ஞா ஆடிப் பாடி வந்தனர். அந்த இசையின் வழியிலே பைலா தோன்றியது. பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் அதனைச் சிங்கள மக்களிடையே பரப்பினார். 1960களிலே கிளரன்ஸ் விஜேவர்தன முதலியோர் மின்கிற்றாரோடு புதிய சிங்களப் பாடல்களைத் தந்தனர். தமிழில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. இவ்வாறு கிற்றார் எமது நாட்டில் கலியாணவீட்டினதும் சுற்றுலா பஸ்ஸினதும் கருவியாகவே அறிமுகமாயிற்று. தாய்மாமனின் சினத்துக்குக் காரணம் இதுவே. அவர் கிற்றாரை வேறிடத்தில் கேட்டதில்லை.

அதன் பிறந்தகத்திலோ அக்கருவிக்கு வேறொரு முகமும் உண்டு. தென் ஸ்பானியாவின் அந்தலூசியாவிலே நாடோடிகளும் ஏழை உழவரும் சுரங்கத் தொழிலாளரும் வளர்த்த 'ஆழ்ந்த பாடல்' என்ற துயரிசை கிற்றாரின் துணையோடு பாடப்படுவது. அது அழிந்துபோகாதிருக்கும்பொருட்டு 1922இல் கிரனாடா நகரில் போட்டி விழாவொன்று நடத்தப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியோர் இசைப்புலவர் மனுவேல் டி ஃபாயாவும் இளங்கவிஞர் லோர்க்காவும். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1920இல், மறைந்த பிரெஞ்சு இசைவாணர் டெபுசியின் கல்லறைக்கெனக் கையறுநிலை இசையொன்றை ஃபாயா ஆக்கியிருந்தார். அதனை அவர் ஆக்கியது கிற்றார் ஒன்றுக்கே. லோர்க்கா 1936இல் பாசிசவாதிகளாற் கொல்லப்பட்டார். அப்பாலே சிலி நாட்டில், மக்கள் பாடகர் விக்தோர் ஹாராவை 1973 செப்டெம்பரில் இராணுவச் சதியாளர் கொன்றனர். அவருடைய கையிலும் இருந்தது கிற்றாரே. களிப்பின் கருவி என்று நாம் ஒதுக்கியதிலே பிற நாட்டு உழைக்கும் மக்கள் தம் துயரையும் சினத்தையும் பாடினர்.

மீண்டும் எமது ஊருக்கு வருவோம். இலங்கைப் பாராளுமன்றம் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. கோயில், தேநீர்க்கடை முதலிய இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலை அது குற்றமாக்கியது. ஏட்டிலே கிடந்த சட்டத்துக்கு உயிர் கொடுத்தது மக்கள் போராட்டமே. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், தொடர்ந்து நடந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அக்காலத்து நெருப்பை ஏந்தி நிற்கிறது. அந்நாட்களிலேதான் பல ஊர்களிலும் குடிமைத் தொண்டு செய்வதில்லை, பறையடிப்பதில்லை என்ற முடிவுகள் எடுக்கப்பட்டன. எமது மாணவனின் பாட்டனாரும் அவ்வாறு முடிவெடுத்தோருள் ஒருவர். கடைக்குள் நுழைவதும் கோயிலுக்குள் நுழைவதும் செய்தித்தாளில் வந்தன. ஒரு மனிதன் தன் பறையை வளையில் தொங்கவிட்டுவிட்டு மறுநாட் கூலிக்கு வழி தேடியது எந்தத் தாளிலும் வரவில்லை. அதற்கு வேண்டிய துணிவு குறைந்ததன்று.

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் வரலாறு வேறொரு வழியிலும் சென்றது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த விழிப்பிலே, இளைஞர் பலர் பறையைத் தாமே விரும்பிக் கையில் எடுத்தனர். செத்தவீட்டுக்கு அடிக்க மறுத்து, மேடையிலும் ஊர்வலத்திலும் அதனை முழக்கினர். பெண்களும் பறையடிக்கத் தொடங்கினர். இழிவின் சின்னம் என்று தரப்பட்டதே விடுதலையின் குரலாயிற்று.

பறையைத் துறந்தவர் செய்தது சரியா, ஏந்தியவர் செய்தது சரியா என்று எம்மிடையே சிலர் பட்டிமன்றம் நடத்துகின்றனர். எமக்கு இவ்விரண்டிலும் முரண்பாடு தோன்றவில்லை. கட்டாயத்தின் பேரில் அடித்த கை அடிக்கமாட்டேன் என்றது முதற்படி. கட்டாயம் நீங்கிய பின் அடிப்பேன் என்றது அடுத்த படி. முதற்படியை ஏறாதவர்க்கு இரண்டாவது படி இல்லை. ஓர் இசையைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை மனிதனுக்கு வாய்ப்பதே இங்கு முதன்மையானது. எந்தக் கருவி என்பது அதற்குப் பின் வரும் வினா. இவ்வுரிமையின் அருமையை ஈழத்தவராகிய நாம் பிறரினும் நன்கறிவோம். 2009 வரை நீடித்த போரிலே பாட்டும் பறையும் ஒப்பாரியுமின்றி, உறவினர் எவரும் அருகிலின்றி மண்ணுக்குள் போனோர் எண்ணற்றோர். இறந்தவரை நாம் விரும்பியவாறு பாடி அனுப்புவது எவ்வளவு பெரிய பேறு என்பதை அவ்வாண்டுகள் கற்பித்துச் சென்றன.

அன்று விடியற்காலையிலே இவையெல்லாம் எம் மனத்தில் கோவையாக இருக்கவில்லை. திரைப்படப் பாட்டொன்றை வாசிக்கலாமா என்று அவன் கேட்டான். ஊரிலே பாண்ட் வாத்தியக்காரர் செத்தவீடுகளில் வாசிக்கும் பாட்டுகள் இரண்டொன்றையும் சொன்னான். "தம்பி, அப்பு தன்ரை வாயாலை பாடின பாட்டு ஏதும் உனக்கு நினைவிருக்கோ?" என்று மட்டுமே நாம் கேட்டோம். அவன் சிறிது நேரம் யோசித்தான். பாட்டனார் பாடுபவரல்லர். ஆனால் பேரன் சிறுவனாயிருந்தபோது மடியிற் கிடத்தி, முதுகிலே விரல்களால் மெல்லத் தட்டிக்கொண்டு, தன் தாயிடம் கேட்ட தாலாட்டொன்றை முணுமுணுப்பாராம். சொற்கள் பாதி மறந்துபோயின, மெட்டு மறக்கவில்லை. விரல் தட்டிய கணக்கும் மறக்கவில்லை. அது என்ன கணக்கு என்று அவனுக்கு விளங்கியிருக்கவில்லை. எமக்கு விளங்கிற்று. பறையைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டவரின் விரல்கள், தூங்கும் குழந்தையின் முதுகிலே மட்டும் அதனை நினைவு வைத்திருந்தன போலும்.

அன்று பிற்பகல் நாமும் அங்கே இருந்தோம். சுண்ணம் இடித்து முடிந்தது. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தனர்; அவனும் பிடித்தான். பின்னர் பந்தத்தை வைத்துவிட்டு, திண்ணையோரம் ஒரு கதிரையில் அமர்ந்து கிற்றாரை எடுத்தான். தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் தாலாட்டு மெட்டை ஒருமுறை வாசித்தான். இரண்டாம் முறை வாசிக்கையில், கிற்றாரின் மரவுடலை வலக்கை விரல்களால் இடையிடையே தட்டினான். முற்றத்திலே நின்ற முதியோர் சிலர் நிமிர்ந்து பார்த்தனர்; அவர்களுக்கு அந்தக் கணக்குத் தெரியும். பறைமேளம் கேட்டவர் தோளிலிருந்த சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தகப்பனார் தடுக்கவில்லை. நான்கைந்து நிமிடங்களில் முடிந்துவிட்டது. பிறகு தூக்கினர். தாய்மாமன் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக எமக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டால் ஊர் திருந்திவிடுவதில்லை.

ஆனால் நாம் செய்யக்கூடியன சில உண்டு. பறையின் முழக்குக் கணக்குகளை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த மூதாட்டிகளும் அவ்வாறே. அவர்களிடம் சென்று கேட்டு ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். யாருடைய பாட்டு, எந்த ஊர் என்ற விவரத்தோடு, அவர்களின் இசைவோடு. பாடசாலைகளிலே வீணையும் மிருதங்கமும் கற்பிக்கும் நாம், பறையையும் ஓர் இசைக்கருவியாக எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் கற்பித்தல் வேண்டும். ஒரு குலத்துப் பிள்ளைகளை மட்டும் அழைத்துப் பறையைக் கையில் கொடுப்போமாயின், பழைய குடிமையையே மேடையேற்றியவராவோம். இன்றும் எவரேனும் தம் விருப்பத்துக்கு மாறாகச் செத்தவீட்டுத் தொண்டுக்கு அழைக்கப்படின், அதனை மறுக்க அவருக்குத் துணைநிற்றல் எம் கடன்.

எமது மாணவன் இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அண்மையில் ஒருநாள், அப்புவின் பறை வீட்டு வளையில் இன்னும் தொங்குவதாகவும், தோல் கிழிந்துவிட்டதாகவும் சொன்னான். புதுத்தோல் கட்டத் தெரிந்தவர் எவரேனும் உளரா என்று விசாரிக்கிறான். தகப்பனாரிடம் கேட்டாயா என்றோம். "கேட்டனான் சேர். யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர்" என்றான்.